தனித்து இயங்கும் திறன்

இரண்டு படிவங்களிலும் ஒரே சொற்கள்.

ஒன்று எனக்கு வந்தது.
"விண்ணப்பதாரர் தனித்து இயங்கக்கூடியவர் என்பதற்குப்
போதிய சான்று இல்லை."
நிதிக்குழுவின் மூன்றாவது மதிப்பீட்டாளர்.
பெயர் கிடையாது. கேட்கவும் கூடாது.
முதல் இருவர் நல்லவிதமாகத்தான் எழுதியிருந்தார்கள்,
அதில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகமில்லை.

மற்றது நான் கொண்டுபோவது,
பையில், குடைக்கு அடியில்.
அபர்டீனில் குடை எதற்கு என்று கேட்காதீர்கள்.
காற்று பறித்துப்போகும் வரை
அதுவும் ஒரு விண்ணப்பம்.

பங்கேற்பாளர் இருபத்தேழு:
வில்மா பர்னட், எண்பத்தொன்று.
மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை,
சன்னல் விளிம்பில் கடற்புறா ஒன்று
வாடகை தராமல் குடியிருக்கிறது.
மீன்சந்தையில் கூலிக்கணக்கு எழுதியவர்.
கேள்வி முடியுமுன் பதிலை வைக்கிறார்,
சில்லறை எண்ணித் தருவதுபோல.
தூக்கம்? வருகிறது.
பசி? இருக்கிறது.
வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா?
"யாருக்குத்தான் தோன்றவில்லை? இல்லை என்று போடு."

'முதியவர்' என்ற சொல்லை அடிக்கச் சொன்னார்.
அடித்தேன்.
என் படிவத்தில் 'இளம் ஆய்வாளர்' என்று இருக்கிறது.
முப்பத்தாறு வயது, நான்காவது ஊர்,
அதை யாரும் அடிக்கச் சொல்லவில்லை.

ஏழாவது கேள்வி.
தனித்து இயங்க முடிகிறதா?
"ஆம்."
சொல்லிவிட்டுத் தேநீர் வைக்க எழுந்தார்.
நாற்காலி முதுகு. மேசை விளிம்பு. கதவுநிலை.
பிறகு சுவர் நெடுக
கை உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு,
ஆண்டுக்கணக்காய் விரல்கள் ஏற்றிய பிசுக்கு,
அடுக்களை வரை.

'ஆம்' கட்டத்தில் குறியிட்டேன்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: சுவர்.

திரும்பும் பேருந்தில் கடல்மூடுபனி.
கருங்கல் ஊர் இருந்த இடத்தில் வெறும் சாம்பல்.
எண்ணிப்பார்த்தேன்:
புள்ளியியல் தெரியாத எனக்கு ஈயன்,
இரத்தமாதிரிகளுக்கு உறைபெட்டியில் இடம் திருடித்தரும் அக்னியெஷ்கா,
இந்த மாத வாடகை முழுவதும் கட்டிய கால்லம்,
கட்டுரைதோறும் கடைசிப் பெயராய்ப் பேராசிரியர் லெனாக்ஸ்.
அடுத்த கட்டுரையில் என் பெயர் வேண்டாம் என்கிறார் லெனாக்ஸ்.
உன் நன்மைக்குத்தான், மோர்வென்.
வில்மாவின் மகனும் கால்கரியிலிருந்து
ஞாயிறுதோறும் அப்படித்தான் தொடங்குகிறானாம்,
இல்லத்தில் சேர்வதைப் பற்றி.

ஒன்று சொல்ல வேண்டும்.
என் ஆய்வு தனிமையைப் பற்றியது.
எந்த வயதில், எத்தனை மணிநேரத்துக்குமேல்
அது நோயாகிறது என்று அளக்கிறேன்.
அளக்கத் தெரிந்தவள் என்று நிரூபிக்க
நான் தனியாக நின்று காட்ட வேண்டும்.
இதை விண்ணப்பத்தில் எழுதியபோது ஈயன் சிரித்தான்,
பிறகு அந்தப் பத்தியை நீக்கினான்.

மார்ச் முப்பத்தொன்றோடு என் ஒப்பந்தம் தீர்கிறது.
கடைசிச் சந்திப்பு ஏப்ரல் ஒன்பது.
நாட்காட்டியில் அவரே குறித்தார்,
கூலிக்கணக்குக் கையெழுத்தில்:
மோர்வென், பத்து மணி.
வேறு யாராவது வரக்கூடும் என்று ஆரம்பித்தேன்.
கெண்டி கூவிற்று.
அது ஓய்ந்தபோது நான்
கடற்புறாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

கோப்பில் ஒரு தாள் செருகியிருக்கிறேன்,
அடுத்து வருபவருக்கு,
எத்தனை மாதத்துக்கு அமர்த்தப்பட்டவரோ.

அழைப்புமணி வேலை செய்யாது. தட்டிவிட்டுக் காத்திருங்கள்.
நவம்பரில் ஐம்பது நொடி, பிப்ரவரியில் எண்பது.
இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஏழாவது கேள்விக்கு உட்கார்ந்தபடியே பதில் வாங்காதீர்கள்.
தேநீர் வேண்டும் என்று சொல்லுங்கள்,
பிறகு பாருங்கள்.
அவராகக் கேட்கும்வரை கை நீட்டாதீர்கள்.
என்னை விசாரித்தால்
வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லுங்கள்,
பக்கத்து ஊரில்தான் என்று.
நம்பமாட்டார்.
அதை ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்:
சிந்தனை தெளிவாக உள்ளது.